எதிர் வீட்டுச் சாட்சி

எங்கள் கட்டடத்தில் யாரும் தன் பிள்ளையைப் பற்றிப் பேசக் கூடாது. எதிர் வீட்டுப் பிள்ளையைப் பற்றித்தான் பேச வேண்டும். இது ஹாரன் போட்ட சட்டம்.

ஹாரன் என்பவர் பஸ் டிரைவர். குரலுக்காக வைத்த பெயர். அவருக்கும் தெரியும், கோபப்பட மாட்டார். பிளம்பரின் மகன் மாடிப்படியில் செத்துக் கிடந்த பிறகு அவர்தான் கட்டடத்து ஆட்களைக் கூட்டிக் குழு ஒன்றை ஆரம்பித்தார். குடி, மாத்திரை, பொடி என்று பிள்ளைகள் போகாமல் தடுக்க வேண்டும் என்றார். முதல் கூட்டத்தில் ஒவ்வொரு அம்மாவும் எழுந்து தன் பிள்ளை தங்கம் என்றாள். அப்பாக்கள் அதற்கும் ஒரு படி மேலே போனார்கள். கட்டடம் முழுக்கத் தங்கம், மாடிப்படியில் மட்டும் பிணம். ஹாரன் மேசையை ஓங்கித் தட்டினார்.

"என் பஸ்ஸோட பின்பக்கம் எவ்வளவு அழுக்குன்னு எனக்குத் தெரியாது. பின்னால வர்றவனுக்குத்தான் தெரியும். இனிமே அவங்கவங்க பிள்ளையைப் பத்தி அவங்கவங்க வாயைத் திறக்கக் கூடாது. எதிர் வீடு சொல்லட்டும்."

ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் எதிரெதிராக இருக்கின்றன. ஞாயிறு மாலை சைக்கிள் கொட்டகையில் கூட்டம். வீட்டுக்கு ஒருவர் எழுந்து எதிர் வீட்டுப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "சுத்தம்" அல்லது "பேசணும்". யாராவது "பேசணும்" என்றால் அன்றைக்கே ஹாரனும் கிளினிக் நர்ஸும் அந்த வீட்டுக்குப் போவார்கள். போலீஸ் கிடையாது, கூச்சல் கிடையாது. நர்ஸ் அந்தப் பையனோடு தனியாகப் பேசி, மறுநாள் கிளினிக்குக்கு வரவழைப்பார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் எதையும் இரண்டு தடவை முகர்ந்து பார்க்கிற ஆள். வாரக்கணக்கில் எல்லா வீடும் "சுத்தம்" என்றபோது எனக்கு மூக்கு அரித்தது.

எங்கள் எதிர் வீடு தையல் அக்கா. புருஷன் கப்பல் வேலைக்குப் போனவர், எப்போதாவது போனில் வருவார். ஒரே மகன். தலைமுடிக்காக எல்லாரும் அவனைச் சுருட்டை என்போம். என் தம்பி வயதுதான் அவனுக்கும், மீசை அரும்பிக்கொண்டிருக்கிற வயது. எங்கள் வீட்டில் அப்பா இல்லை. அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பகல் முழுக்கப் போர்வை துவைக்கிறாள். நான் படிப்பைப் பாதியில் விட்டவன். பார்சல் கிடங்கில் இரவு வேலை, பகலில் தூக்கம். தம்பி லிஃப்ட் பழுதுபார்க்கும் பயிற்சிக்குப் போகிறான், மதியத்துக்குள் திரும்பிவிடுவான். அதற்குப் பிறகு அவன் வருவதையும் போவதையும் பார்க்கக்கூடிய ஒரே ஆள் தையல் அக்கா. அவள் மெஷின் வாசலுக்கு நேரே கிடக்கிறது. காற்றுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருப்பாள். ஒரு பூனை படியேறினாலும் அவளுக்குத் தெரியும்.

ஒரு நாள் காலை வேலை முடிந்து வந்தபோது, மோட்டார் அறைக்குப் பின்னால் சுருட்டை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வாயோரம் எச்சில். காலடியில் மாத்திரை அட்டை, எல்லாக் குழியும் காலி. தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறந்தான். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது.

"அண்ணா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"எழுந்திரு முதல்ல. மூஞ்சியைக் கழுவு."

அந்த ஞாயிறு என் முறை வந்தபோது எழுந்தேன். தையல் அக்கா என்னையே பார்த்தாள். கெஞ்சவில்லை, மிரட்டவுமில்லை, சும்மா பார்த்தாள். இன்னொருத்தர் வீட்டு அழுகையைத் தொடங்கிவைக்க எனக்குத் தெம்பு இல்லை. "சுத்தம்" என்றேன். நான் முழுசாக உட்காருவதற்குள் அவள் எழுந்து, என் தம்பியைப் பற்றி "சுத்தம்" என்றாள். கடையில் மீதிச் சில்லறை நீட்டுவதுபோல இருந்தது.

அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்குக் கிடங்கில் பார்சல்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டே யோசித்தேன். நான் பொய் சொன்னேன். நான் பொய் சொன்னது அவளுக்குத் தெரியும். தெரிந்தவள் எனக்கு எதைத் திருப்பித் தருவாள்? பொய்யைத்தான் தருவாள். அப்படியென்றால் என் தம்பி?

அதன் பிறகு அவனைக் கவனிக்க ஆரம்பித்தேன். கழுத்தைச் சொறிந்தான், முழங்கையைச் சொறிந்தான், மூக்கைத் தேய்த்தான். சாப்பிட உட்கார்ந்தால் கை தட்டில் இருக்க, தலை மெதுவாகக் கீழே இறங்கியது. வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டான்.

"அம்மா, இவன் ஏன் இப்படித் தூங்கி விழறான்?"

"நீ பகல் பூரா குறட்டை விடற வீட்டுல அவனும் தூங்கறான். தொத்திக்கிச்சு."

"கண்ணைப் பாரும்மா."

"என்னடா கண்ணு, மூக்குன்னு? எதிர் வீட்டுக்காரி வாராவாரம் நாலு பேர் முன்னால நின்னு சுத்தம்னு சொல்றா. கூடப் பொறந்தவன் உனக்கு மட்டும் சந்தேகம்! உன் கண்ணைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்."

அம்மாவிடம் அதற்கு மேல் பேச முடியாது. அவளுக்கு அந்த ஒரு வார்த்தை ஆஸ்பத்திரி முத்திரை மாதிரி. தம்பியையே கேட்டேன். "எதிர் வீட்டுல போய்க் கேளு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அவனும் அதே சாட்சியைத்தான் காட்டினான்.

ஒரு காலை படியேறும்போது எங்கள் மாடியில் பிளம்பர் கழிவுக்குழாயைப் பிரித்துப் போட்டிருந்தார். மகன் போன பிறகு அவர் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. கூட்டத்துக்கு வருவார், கடைசியில் உட்காருவார், போய்விடுவார். என்னைப் பார்த்ததும் வாளியைக் காலால் என் பக்கம் தள்ளினார். உள்ளே, சேற்றுத் தண்ணீரில், கசக்கிய மாத்திரை அட்டைகள்.

"இது எந்த வீட்டுக் குழாய்?" என்றேன்.

"ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணுதான். உங்களுது, தையக்காரம்மாவுது. இந்த இடத்துல வந்து சேருது. மேல் மாடிக்கு வேற லைன்."

"அப்ப..."

"ரெண்டுல ஒண்ணு. இல்லேன்னா ரெண்டும்." குழாய்க்குள் கையை விட்டு இன்னொரு அட்டையை இழுத்துப் போட்டார். "கொட்டகையில ஒரு வீடு பாக்கியில்லாம சுத்தம்னு சொல்றீங்க. குழாய் அப்படிச் சொல்லலயேப்பா."

"இதைக் கூட்டத்துல சொல்லலாமே நீங்க."

"நானா? பையனைப் பறிகொடுத்தவன், பாவம், பாக்கற குப்பையெல்லாம் மாத்திரையா தெரியுதும்பாங்க. தண்ணியும் காப்பியும் குடுத்து உட்கார வைப்பாங்க." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உன்கிட்ட சொல்லிட்டேன். என் வேலை முடிஞ்சுது."

சுருட்டையாகத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவனை என் கண்ணாலேயே பார்த்தவன்தானே. அந்த நிம்மதி கொஞ்ச நாள்தான். தையல் அக்கா மகனை அவன் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். இடம் மாறினால் பசி எடுக்கும் என்று படிக்கட்டில் எல்லாரிடமும் காரணம் சொன்னாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். அவன் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். எங்கள் குளியலறையில் தண்ணீர் மறுபடி இறங்காமல் நின்றது. பிளம்பரைக் கூப்பிடவில்லை. நானே கம்பியை விட்டு இழுத்தேன். புது அட்டை, இன்னும் பளபளப்பு போகாதது.

அங்கேயே, ஈரத்தரையில் உட்கார்ந்தேன். தையல் அக்கா மாத்திரை போடுகிறவள் இல்லை. அம்மா இல்லை. நான் இல்லை.

அட்டையை எடுத்துப்போய்த் தம்பியிடம் காட்டினேன். குழாய் இரண்டு வீட்டுக்கும் பொது, சுருட்டை போவதற்கு முன்னால் போட்டதாக இருக்கும் என்றான். யோசிக்காமல் சொன்னான். குழாய் பொது என்று இவனுக்கு எப்படித் தெரியும்? கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பான். அடித்து இழுத்துப் போகலாமா என்று பார்த்தேன். என்னைவிட அரையடி உயரம். கிளினிக் வாசல்வரை இழுத்துப் போனாலும் உள்ளே போய் வாயைத் திறக்க வேண்டியவன் அவன்தான்.

எதிர் வீட்டுக்குப் போனேன். அக்கா யாருடைய பேண்டுக்கோ ஜிப் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வா பெரியவனே. பட்டன் அந்துபோச்சா?"

"இல்லக்கா. சின்னவன் எப்படி இருக்கான்?"

"உங்க வீட்டுப் பையனை என்கிட்ட கேக்கறே?"

"நீங்கதானே பாக்கறீங்க."

"பாக்கறதை வாராவாரம் சொல்றேனே. காதுல பஞ்சா?"

"கூட்டத்துல சொல்றது இருக்கட்டும். எனக்குச் சொல்லுங்க."

மெஷினை நிறுத்தினாள். "ஏன், நீ கூட்டத்துல ஒண்ணு, வெளியில ஒண்ணு சொல்ற ஆளா?"

அவள் துணியைத் திருப்பிப் போட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அப்ப விடு. நீ என் பையனைப் பத்தி நல்லது சொல்றே, நான் உன் தம்பியைப் பத்தி நல்லது சொல்றேன். இதுல உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு? போய்த் தூங்கு, கண்ணெல்லாம் ரத்தமா இருக்கு."

மெஷின் மறுபடி ஓடியது. அவளுக்குத் தெரியும். எவ்வளவு தெரியும் என்பதுதான் தெரியவில்லை.

ஹாரனை பஸ் நிலையத்தில் பிடித்தேன். "என் தம்பியைப் பத்தி நானே சொன்னா ஒத்துக்குவீங்களா?"

"அய்யோ, அதை மட்டும் ஆரம்பிச்சு வைக்காதே. நீ அண்ணன். அவன் மேல உனக்கு ஆயிரம் கடுப்பு இருக்கும். நாளைக்கு மாமியார் எழுந்து மருமகளைச் சொல்லும். எதிர் வீடு சொல்லட்டும், அரைமணியில நர்ஸோட உன் வீட்டுல நிப்பேன்."

"எதிர் வீடு சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். தள்ளு, வண்டி எடுக்கணும்."

ஆக, என் தம்பிக்கு நர்ஸ் வர வேண்டுமானால் தையல் அக்கா வாயைத் திறக்க வேண்டும். கெஞ்சினால் திறக்க மாட்டாள். எரிந்தால் திறப்பாள். எரிய வைக்க என்னிடம் இருந்தது ஒரே ஒரு கொள்ளிதான். அது உண்மையான கொள்ளி என்பது வேறு விஷயம். உண்மை என்பதற்காக நான் அதை எடுக்கவில்லை.

சுருட்டை திரும்பி வந்த ஞாயிறு. கொட்டகையில் சைக்கிள்களைச் சுவரோரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். அம்மா என் பக்கத்தில். தையல் அக்கா எதிர் வரிசையில். நர்ஸ் மேசைக்குப் பக்கத்தில் குடையை மடித்துக்கொண்டிருந்தார். கீழ் மாடியிலிருந்து சுத்தம், சுத்தம் என்று ஏறி வந்தது. எங்கள் மாடி வந்ததும் எழுந்தேன்.

"பேசணும்" என்றேன்.

யாரோ இருமினார்கள். ஹாரனுக்கே குரல் இறங்கிவிட்டது. "என்ன சொன்னே?"

"எதிர் வீட்டுப் பையனைப் பத்திப் பேசணும். மோட்டார் ரூமுக்குப் பின்னால பார்த்தேன். மாத்திரை."

"எப்ப பார்த்தே?" என்று தையல் அக்கா உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"முன்னாடியே."

"முன்னாடியேன்னா எப்ப? பார்த்துட்டு வாராவாரம் இங்க நின்னு சுத்தம்னியே, அந்த வாய் எங்க போச்சு?"

"அது தப்பு. இப்ப சொல்றேன்."

"டேய், உக்காருடா" என்று அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, இவன் ராத்திரி வேலை பாத்துப் பாத்து மூளை காய்ஞ்சுபோச்சு. மனசுல வெச்சுக்காதீங்க." பெண்கள் பக்கம் கசமுசா எழுந்தது. கடைசி வரிசையில் பிளம்பர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாரன் கையைத் தூக்கினார்.

"சட்டம் சட்டம்தான். நர்ஸம்மாவும் நானும் மேல வர்றோம். இப்ப உங்க முறை, சொல்லுங்கம்மா. இவங்க வீட்டுச் சின்னவன்?"

தையல் அக்கா எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. சொல்லு, என்று மனதுக்குள் சொன்னேன். என் மானத்தை வாங்கு. நாலு பேர் முன்னால் கிழி. பார்த்ததை எல்லாம் கொட்டு.

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். நான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

"சுத்தம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அம்மா பெருமூச்சு விட்டாள். "பாத்தியா? அவ மனுஷி. நீயும் இருக்கியே!" பக்கத்திலிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். கூட்டம் அடுத்த மாடிக்குப் போனது. பழி வாங்கினாளா, உண்மையைத்தான் சொன்னாளா? தன் மகனைக் காட்டிக்கொடுத்தவனுக்கு இப்படி ஒருத்தி நல்ல வார்த்தை சொல்வாளா? உண்மையென்றால் அந்த அட்டை எங்கிருந்து வந்தது?

கூட்டம் கலைந்ததும் அம்மாவை நாலு பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள், பெற்ற வயிற்றுக்கு ஆறுதல் சொல்ல. நான் படியேறினேன். ஹாரனும் நர்ஸும் தையல் அக்காவோடு முன்னால் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் தம்பி கட்டிலில் படுத்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சுதா கூட்டம்?"

"முடிஞ்சுது. சுருட்டையைப் பத்தி சொல்லிட்டேன்."

எழுந்து உட்கார்ந்தான். "என்ன சொன்னே?"

"பார்த்ததைச் சொன்னேன். எதிர் வீட்டுல நர்ஸ் உக்காந்திருக்காங்க."

கை கழுத்துக்குப் போனது. சிநேகிதன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. அம்மா எங்கே என்று கேட்கவில்லை.

"அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டான்.

எனக்குப் பொய் சொல்லிப் பழகிவிட்டிருந்தது. "எல்லாத்தையும் சொல்லிட்டாங்க" என்றேன்.

"பொய்."

"ஏன் பொய்யா இருக்கணும்?"

"சொல்ல மாட்டேன்னாங்களே!"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. நான் கதவைத் தாழிட்டு, அதன்மேல் சாய்ந்து நின்றேன்.

"சரி. அவங்க சொன்னது இருக்கட்டும். நீ சொல்லு."

துண்டு துண்டாக வந்தது. பயிற்சிக் கூடத்தில் முதுகு பிடித்துக்கொண்டபோது யாரோ கொடுத்த வலி மாத்திரை. பிறகு வலி இல்லாமலும். சுருட்டைக்கு இவன்தான் பழக்கிவிட்டான், சுருட்டை இவனுக்கு அல்ல. இது எனக்கு ஓங்கி ஓர் அறை. ஒரு மதியம் தையல் அக்கா தன் வீட்டுச் சமையலறையில் இரண்டு பேரையும் பிடித்துவிட்டாள். நான் அந்த நேரம் பத்தடி தூரத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

"அடிச்சாங்களா?"

"அவனை அடிச்சாங்க. என்னை அடிக்கல. இனிமே என் பையன் பக்கம் வராதே, வரலைன்னா நான் வாயைத் திறக்க மாட்டேன்னாங்க."

"வேற ஒண்ணும் சொல்லலையா? நிறுத்துன்னு?"

"இல்ல."

"அப்புறம் நீ எங்க போனே?"

"மொட்டை மாடி. தண்ணித் தொட்டிக்குப் பின்னால."

"யார் கூட?"

"யாரும் இல்ல. தனியாத்தான்."

பிளம்பர் மகனும் தனியாகத்தான் இருந்தான். இரண்டு பேராக இருந்திருந்தால் ஒருவன் ஓடிப்போய்க் கத்தியிருப்பான். அக்கா தன் மகனைப் பிரித்து எடுத்துக்கொண்டு என் தம்பியைத் தொட்டிக்குப் பின்னால் தனியாக அனுப்பியிருக்கிறாள். நானும் அவள் மகனை மோட்டார் அறைக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்து தூங்கினேன். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கொட்டகையில் எழுந்து நின்றிருக்கிறோம்.

"இன்னிக்குப் போட்டியா?"

தலையாட்டினான். எவ்வளவு என்று கேட்டேன். சொன்னான். அதில் பாதிதான் உண்மையாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு மீதியை நானே கூட்டிக்கொண்டேன். கையைப் பிடித்து எழுப்பினேன். திமிறுவான் என்று காலை ஊன்றி நின்றேன். திமிறவில்லை. கை ஜில்லென்று இருந்தது.

"எங்கே?"

"எதிர் வீட்டுக்கு. நர்ஸ் போறதுக்குள்ள."

"அக்கா சேர்க்க மாட்டாங்க."

"அவங்க சேர்க்கலைன்னா வாசல்ல உக்காருவோம். நர்ஸ் எப்படியும் கதவு வழியாத்தானே வெளியில வரணும்."

தாழைத் திறந்தேன். எதிர்க் கதவுக்குள் ஹாரனின் குரல், பிறகு ஏதோ உருண்டு விழுந்த சத்தம், பிறகு ஒன்றுமில்லை. தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன்.

தையல் அக்கா கதவைக் கையளவு திறந்தாள். கண் வீங்கி, கன்னத்தில் முடி ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் சாத்தப் போனாள். அப்புறம் என் பின்னால் நின்றவனைப் பார்த்தாள். சாத்தவும் இல்லை, திறக்கவும் இல்லை.

"எதுக்கு வந்தே? சுத்தம்னு சொன்னேனே, போதாதா?"

"அவனே சொல்லிட்டான்க்கா."

அவள் பார்வை தம்பியின் முகத்துக்குப் போனது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளேயிருந்து நர்ஸ் யார் என்று கேட்டார். நான் சொல்லப் போனேன். அக்கா கையைக் காட்டி என்னைத் தடுத்தாள்.

"எதிர் வீட்டுப் பையன்" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். "அவனைப் பத்தியும் பேசணும்."

கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினாள். அறை நடுவில் தையல் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. சுருட்டை சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"செருப்போட வரச் சொல்லு" என்றாள் என்னிடம், அவனைப் பார்க்காமல். "தரையெல்லாம் குண்டூசி."